பதின்மூன்று கிலோ கூடுதல்

காயை நகர்த்திவிட்டு, நகர்த்தாமல் விட்ட இடங்களை விரலால் தட்டிக் காட்டுகிற மனிதர் அவர்.

“குதிரைய இஞ்ச வெச்சன். இதுல வெச்சிருக்கலாம். இதுலயும் வெச்சிருக்கலாம். குதிரையத் தொடாம இந்தக் காலாள ஒரு கட்டம் தள்ளியிருக்கலாம். மூண்டையும் விட்டுட்டன்.”

இவ்வளவையும் சொல்லி முடித்தால்தான் என் முறை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம். அதில் பத்து நிமிடம் சோறு, மிச்சம் செஸ். அந்த மிச்சத்திலும் பாதி, அவர் விட்ட மூவ்களைக் கேட்பதிலேயே போய்விடும். எனக்கு எரிச்சல் வராதா?

“அண்ணன், விட்டத எண்ணி என்ன செய்யப்போறீங்க? ஆடுங்க.”

“விட்டது என்னெண்டு தெரியாட்டி ஆடினது என்னெண்டு எப்பிடித் தெரியும், தங்கச்சி?”

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது. மகள் இருக்கிறாள், வாசிக்கிற பிள்ளை. இதில் அவளுக்குத் தெரியாத சங்கதி அதிகமில்லை. ஆனாலும் தகப்பனின் பெயரோடு சேர்த்து அதை அச்சில் பார்ப்பது வேறு.

மட்டக்களப்பு வாவிக்கரையோரம் ஒரு நெல் களஞ்சியம். அவர் அங்கே ஸ்டோர்கீப்பர், நான் கிளாக்கர். என்னைவிட நாலு வயது கூட. நான் என் அண்ணன்மாரோடு அடிபட்டுச் செஸ் பழகியவள். பள்ளிக்கூடத்தில் பொடியன்களை அழவைத்திருக்கிறேன். அவர் தானாகப் பழகியவர். வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு அரைப்பதற்காக லொறியில் வந்த பழைய தாள் கட்டுக்குள் அட்டையில்லாத ஓர் ஆங்கிலச் செஸ் புத்தகம் கிடந்ததாம். அங்கே வேலை செய்த கூட்டாளி எடுத்துக் கொடுத்திருக்கிறான். முதல் பதினாறு பக்கமும் கடைசிப் பக்கங்களும் இல்லாத அந்தப் புத்தகம்தான் அவருக்கு எல்லாமே. எங்கள் பலகையில் கறுப்பு மந்திரி ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதிலாக மூடைக்கு அடிக்கிற ஈயச் சீல் ஒன்று நின்றது.

ஒரு பொம்பிளையும் ஆம்பிளையும் நெல்மூடைகளுக்கு நடுவில் இருந்து செஸ் ஆடினால் ஊர் சும்மா இருக்குமா? என் கணவர் அப்போது கட்டாரில் லொறி ஓட்டினார். “புருசன் கட்டார்ல, பொண்டாட்டி செஸ்சில” என்று ஒருத்தி சொன்னது என் காதுக்கே வந்தது. போடி என்று விட்டேன். அப்போது அப்படித்தான் விட்டேன். பிறகு ஒரு நாள் அந்தச் சொல்லுக்குப் பயந்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அவரிடம் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை ‘வேற வழியில்ல’ என்பது. யார் சொன்னாலும் விடமாட்டார். ஒருமுறை களஞ்சியத்துக்குப் பொறுப்பான எங்கள் பெரிய சேர் ஒரு நாட்டாமைக்கு லீவு கொடுக்க மறுத்தார். மூடை தூக்குகிற மனிதன். தங்கச்சியின் கல்யாணத்துக்கு மண்டூருக்குப் போக வேண்டும். “லோட் வருது, வேற வழியில்லப்பா” என்றார் சேர். இவர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பினார்.

“மூண்டு வழி இரிக்கு சேர். லோட்ட ஒரு நாள் தள்ளலாம். மத்த ரெண்டு பேரும் அரை நாள் கூட நிக்கலாம். இல்லாட்டி நான் தூக்குறன். மூண்டையும் விட்டுட்டு லீவு தரல்ல எண்டு சொல்லுங்க, அது உங்கட இஸ்டம். வழியில்ல எண்டு மட்டும் சொல்லாதீங்க.”

சேர் லீவைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. மீன் வாங்கப் போனாலும் இதே கூத்து. கெழுத்தியை எடுப்பார், செத்தல் மீனை விடுவார், இறாலை ஏன் விட்டேன் என்று மீன்காரிக்கே விளக்கம் சொல்வார். “வாங்காத மீனுக்கு ஏன்கா எனக்குக் கதை சொல்றாரு இந்த மனிசன்?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

நாங்கள் விடாமல் ஆடிய ஆட்டம் ஒன்று இருந்தது. புத்தகத்தில் அதற்கு ஏதோ பெயர். நாங்கள் ‘குதிரை விடுற ஆட்டம்’ என்போம். வெள்ளை அவர், கறுப்பு நான். இரண்டாம் நகர்விலேயே தன் ராசாவுக்குப் பக்கத்தில் நிற்கிற காலாளை முன்னால் தள்ளி எனக்குத் தின்னக் கொடுப்பார். வெட்டுவேன். அவர் குதிரையை வெளியே எடுப்பார். நான் கரைக்கு அடுத்த காலாளை இரண்டு கட்டம் ஓடவிடுவேன். அவர் மந்திரியை எடுப்பார். நான் அதே காலாளை இன்னொரு கட்டம் தள்ளுவேன். அது நேரே போய் அவருடைய குதிரைக்குக் கத்தி காட்டும்.

சந்தி அதுதான். குதிரையைத் தூக்கிப் பாயவிட்டால் குதிரை தப்பும். ஆனால் என் ராணி அடுத்த கணம் வெளியே வந்து செக் சொல்லிவிடுவாள். அவருடைய ராசா கால்நடையாக விலக வேண்டும். ஒருமுறை நடந்த ராசாவுக்குக் கோட்டை கட்ட முடியாது, ஆட்டம் முடியும்வரை வெட்டவெளியில்தான் நிற்பார். மாறாக, குதிரையை அப்படியே சாகவிட்டால் அந்த ஒரு நகர்வில் ராசாவைக் கோட்டைக்குள் வைத்துவிடலாம், என் ராசாவை நோக்கிப் பாதையும் திறக்கும். ஆனால் குதிரை போனது போனதுதான்.

அவர் எப்போதும் குதிரையை விடுவார். விடுவதற்கு முன் அதன் உடைந்த காதை ஒருதரம் தடவுவார். “கோட்டை கட்டுறன். குதிரைய விட்டன்.” நான் வெட்டுவேன். பத்தில் ஆறு ஆட்டம் அவருக்கு, நாலு எனக்கு.

“பாவம் பாத்து ஒரு நாளைக்காவது அந்தக் குதிரையக் காப்பாத்துங்களன்” என்று கேலி பண்ணினேன்.

“புத்தகத்துல ரெண்டுமே நல்ல மூவ் எண்டுதான் இரிக்கு. ஒண்டு சரி, மத்தது பிழையெண்டா அது வெறுங் கணக்கு, தங்கச்சி. ஆரும் போடலாம். ரெண்டும் சரியா வாற இடத்துலதான் ஆடுறவன் ஆரெண்டு தெரியும்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் கல்யாணம் முடித்த புதிதில் மனைவி ஒரு நாள் சோற்றுப் பெட்டியோடு களஞ்சியத்துக்கு வந்தா. மெலிந்த பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு. இவருக்கு என்ன குறும்போ, மூடை நிறுக்கிற பெரிய தராசில் அவவைப் பிடித்து ஏற்றிவிட்டார். “இறக்குங்க, ஆக்கள் பாக்காங்க, இறக்குங்க!” என்று அவ முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க, நாட்டாமை ஒருவன் உரத்துப் படித்தான்: “நாப்பத்தேழு!” அன்றிலிருந்து களஞ்சியத்தில் எல்லாருக்கும் அவ ‘நாப்பத்தேழு’தான். “நாப்பத்தேழு சுகமா?” என்று கேட்போம். “சுகம், ஒரு கிலோ கூடல்ல” என்பார்.

அவர்களுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற மணல் திட்டில் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி. கடல் முழங்கினால் வாவிக்கரைக்கு ஓட வேண்டும், அங்கே தோணி கிடக்கும். அந்தத் திட்டில் பிறந்த எல்லாருடைய காலுக்கும் இது தெரியும். கடலே திட்டைக் கடந்து வந்து வாவியோடு சேரும் என்று எந்தக் காலுக்குத் தெரியும்?

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மனைவிக்கு இரண்டு வாரத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கிக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. மகளுக்கு ஆறு வயது. கடல் வருது என்று சனம் கத்திக்கொண்டு ஓட, இவர் வாசலில் நின்றார். இருவரையும் ஒன்றாகத் தூக்க ஏலாது. “நீங்க புள்ளையக் கொண்டு போங்க” என்றாவாம் அவ. இவர் மகளைத் தூக்கினார். “இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டு வாவிக்கு ஓடினார். பிள்ளையைத் தோணிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். பாதி வழியில் ஒரு பூவரசு நின்றது. அந்தப் பூவரசடியில் தண்ணீர் அவரைச் சந்தித்தது.

தோணி தப்பியது, பிள்ளை தப்பினாள். அவரை வாவிப் பக்கத்துக் கண்டல் பற்றைக்குள் இருந்து எடுத்தார்கள். மனைவியை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

பள்ளிக்கூட முகாமில் போய்ப் பார்த்தேன். மகள் அவர் மடியில் நித்திரை. வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். வேற வழியில்லத்தானே தம்பி, புள்ளையத்தானே தூக்க ஏலும், வேற என்ன செய்யிற. அவர் ஒருவரையும் மறுக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் அந்த வார்த்தைக்குத் தலையாட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் அதையே சொன்னேன்.

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

“நீங்களுமா, தங்கச்சி?” என்றார். “சைக்கிள் நிண்டது.”

“என்ன சைக்கிள்?”

“என்ட சைக்கிள். முருங்கையில சாத்தி நிண்டது. முதல் நாள் பின்னேரந்தான் காத்தடிச்சன். அவளக் கரியர்ல இருத்தி, புள்ளைய முன்னுக்குப் பாரில வெச்சித் தள்ளியிருக்கலாம். வாசல்ல நிண்டு எல்லாம் யோசிச்சன். அவளத் தூக்கிட்டுப் புள்ளைய ஓடச் சொல்ற, ரெண்டு பேரையும் கூரையில ஏத்துற, எல்லாம் யோசிச்சித்தான் விட்டன். சைக்கிள விடல்ல, தங்கச்சி. அத நான் காணவே இல்ல.”

பிறகு களஞ்சியத்துக்கு வேலைக்கு வந்தார். தன்னாமுனையில் வீடு கொடுத்திருந்தார்கள், மகளோடு அங்கே இருந்தார். செஸ் பலகையை நான் ஒளித்துவைத்திருந்தேன். அவரே தேடி எடுத்துக்கொண்டு வந்து விரித்தார். ஆனால் ஆட்டம் மாறியிருந்தது. விட்ட இடங்களைத் தட்டிக் காட்டுவது நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக, நகர்த்துவதற்கு முன் பலகையின் நாலு மூலையையும் பார்ப்பார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பார். “ஏதும் காணாம விட்டிட்டனா?” என்று என்னையே கேட்பார். எதிர்ப்பக்கம் ஆடுகிறவளிடம் அப்படிக் கேட்கிற ஆள் உலகத்தில் உண்டா?

குதிரையை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை. நான் காலாளைத் தள்ளியதும் குதிரையைத் தூக்கிப் பாயவிடுவார். என் ராணி செக் சொல்வாள். அவருடைய ராசா வெட்டவெளியில் நடப்பார். பத்து ஆட்டம் ஆடினால் பத்திலும் தோற்றார். வெல்கிற எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அந்தச் சந்தி வந்தபோது நான் காலாளைத் தள்ளவில்லை. என் மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தி அமைதியாக வைத்தேன். குதிரைக்கு ஆபத்தில்லை, அவர் எதையும் தெரிவு செய்ய வேண்டியதில்லை.

அவர் பலகையைப் பார்த்தார். “காலாளத் தள்ளல்ல.”

“இதுவும் நல்ல மூவ்தானே. உங்கட புத்தகத்துலயே இரிக்கு.”

“ஓம். நல்ல மூவ்தான்.” மந்திரிக்குப் பதிலாக நின்ற ஈயச் சீலை விரலால் நேராக்கி வைத்தார். “ஆனா நல்ல மூவ் எண்டதுக்காக நீங்க இத ஆடல்ல.”

நான் கை கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

சைக்கிள் பேச்சு மட்டும் ஓயவில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்தால் சைக்கிள், மூடியை மூடினால் சைக்கிள். எனக்கோ எதையும் அடித்துப் பேசித் தீர்க்கிற சுபாவம். ஒரு நாள் சொல்லிவிட்டேன்: “அந்த மணல்ல ஒரு ஆள ஏத்திக்கொண்டு சைக்கிளத் தள்ள ஏலாது அண்ணன். பாதி வழியில புதையும். மூண்டு பேரும் போயிருப்பீங்க. செஸ்சில ஆடிப் பாக்கிற மாதிரி இதையும் ஆடிப் பாப்பம், வாங்க.”

இதைவிட மடத்தனமான பேச்சை நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை. ஆனால் அப்போது நான் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்தேன். அந்த மூவ் தோற்கிற மூவ் என்று கண்ணால் கண்டுவிட்டால் மனிதர் அமைதியாகிவிடுவார், அவ்வளவுதான் என் கணக்கு. அதற்கு அது தோற்க வேண்டும். தோற்கவைப்பதற்கு ஒரு வேலை செய்தேன். நாட்டாமையைப் பிடித்து, நாற்பத்தேழு கிலோவுக்குப் பதிலாக அறுபது கிலோ நெல்லை ஒரு மூடையில் போட்டுத் தைக்கச் சொன்னேன். மகளுக்காகப் பதினாறு கிலோவில் ஒரு சின்ன மூடை. அதில் கள்ளமில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மூடையையும் ஒரு சைக்கிளையும் கொண்டு திட்டுக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும், முருங்கையின் அடிக்கட்டை, பூவரசு அப்படியே. முதலில் அன்றைக்கு ஓடியதை ஓடிப் பார்த்தார். சின்ன மூடையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடி, அங்கே வைத்துவிட்டு, திரும்பிப் பூவரசு வரை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்துச் செக்கன். அவ்வளவுதான் தண்ணீர் அவருக்குக் கொடுத்த நேரம். பூவரசைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பிறகு பெரிய மூடைக்கு வந்தார். கரியரில் ஏற்றுவதற்காக அதன் காதைப் பிடித்து ஒருதரம் அசைத்தார். அசைத்த கை நின்றது.

“அறுவது.”

“சே, அம்பதுக்குள்ளதான் இரிக்கும்” என்றேன்.

“இருவது வருசமா மூடை பிடிக்கிற கை தங்கச்சி இது. பதின்மூண்டு கிலோ கூட.”

ஒரு வசவு வரும் என்று பார்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. முழங்காலில் இருந்து மூடையின் தையலைப் பிரித்து, நெல்லை மணலில் கொட்டினார். கொஞ்சம் கொட்டுவார், காதைப் பிடித்து அசைப்பார், மறுபடி கொஞ்சம் கொட்டுவார். காகங்கள் வந்து இறங்கின. கடைசியில் இரண்டு கையாலும் மூடையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். இறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

“இப்ப சரி” என்றார்.

அதைக் கரியரிலும், கரையிலிருந்து எடுத்து வந்த சின்ன மூடையைப் பாரிலும் ஏற்றித் தள்ளினார். சைக்கிள் இரண்டு இடத்தில் புதைந்தது. கீழே பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, அதை இழுத்தெடுத்துத் தள்ளினார். புதையட்டும், புதையட்டும், முருகா புதைந்தே நிற்கட்டும் என்று நான் பின்னால் ஓடினேன். வாவித் தண்ணீர் முன்சில்லில் பட்டபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏற்றிய நேரத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம் நாற்பது செக்கன்.

நான் சொல்லவில்லை. அவர் கையை நீட்டினார், மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பார்த்தார்.

“அரை நிமிசம் மிச்சம்” என்றார். “தப்பியிருப்பா.”

அந்தக் கரையில் குந்தியிருந்து நான் அழுத அளவுக்கு என் தாய் செத்ததற்கும் அழவில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். “தெரியாம இரிக்கிறத விடத் தெரிஞ்சி இரிக்கிறது நல்லம், தங்கச்சி. வாங்க போவம்.” அவர் அதை நம்பிச் சொன்னாரோ எனக்காகச் சொன்னாரோ தெரியாது. மூடையை இறக்கவிடவில்லை. கல்லடிப் பாலம் தாண்டும்வரை ஒரு கையால் அதைப் பிடித்தபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அதற்கு அடுத்த வருடம் என் முறை வந்தது.

என் மூத்தவனுக்குப் பதினேழு வயது. இயக்கமும் அதிலிருந்து பிரிந்தவர்களும், இரண்டு பக்கமும் சண்டைக்குப் பிள்ளை பிடித்த காலம். தெருவில் நின்றவனைக் காணவில்லை, ரியூசனுக்குப் போனவனைக் காணவில்லை. கிளிநொச்சியில் என் அக்கா இருந்தா. அவவுடைய ஒரே மகள் இயக்கத்துக்குப் போய்ச் செத்துவிட்டாள். ஒன்று கொடுத்த வீட்டில் மறுபடி கேட்கமாட்டார்கள் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அந்த வீட்டுக்குள் என் பிள்ளையை வைத்துவிட்டால் ஒருவனும் தொடமாட்டான் என்று நினைத்தேன். பெத்த பிள்ளையைக் கொடுத்தவளின் வீட்டைக் கோட்டை என்று நம்பியவள் நான். கிளிநொச்சிக்குப் பாதையும் திறந்திருந்தது.

மத்தியானம் அவரிடம் சொன்னேன். கையில் இருந்த காயைக் கீழே வைத்தார்.

“விட்டது எது?” சுனாமிக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் வாயில் கேட்டது அன்றைக்குத்தான்.

“வேற வழி இல்ல அண்ணன்.”

“இரிக்கு.” விரலை நீட்டினார். “மச்சானுக்குச் சொல்லி கட்டாருக்கு எடுக்கிற. சுணங்கும், ஆனா இரிக்கு. கொழும்புல லொட்ஜில வைக்கிற. பொலிஸ் பிடிப்பான், மறுகா விடுவான். அதுவும் இரிக்கு.” மூன்றாவது விரலை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். “என்ட வீடு. தன்னாமுனையில எங்களத் தேடி ஒருத்தனும் வாறல்ல. நானும் புள்ளையுந்தான். பொடியன் அறைக்குள்ள இரிந்து படிக்கட்டும். ஆறு மாசம், ஒரு வருசம். நான் பாத்துக்குவன்.”

அந்த வீடு அங்கே நின்றது. எனக்குத் தெரிந்தது. அவர் சைக்கிளைக் காணவில்லை. நான் இதைக் கண்டேன். கண்டுதான் விட்டேன்.

பொண்டாட்டி செத்தவனின் வீட்டில் இவளுடைய மகன் இருக்கிறான் என்று ஊர் சொல்லும். அது கட்டாருக்குப் போகும். என் கணவர் கேட்பார். இதுதான் காரணம். வேறு காரணமே இல்லை. எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் இதுதான்.

அதை அவரிடம் சொல்லவில்லை. “இது செஸ் இல்ல அண்ணன். என்ட புள்ள” என்று வெடித்தேன். அவர் மூன்று விரலையும் மடக்கிக்கொண்டார். என் மனதில் என்ன ஓடியது என்று அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

மகனைப் பஸ் ஏற்றிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்து, பெரியம்மாவின் புளியாணம் உங்களுடையதைவிட ருசி என்றான். ஆறு கிழமையில் பாதையைப் பூட்டினார்கள். ஒரு வருடத்தில் சட்டத்தையும் மாற்றினார்கள். ஒன்று கொடுத்த வீடு, கொடுக்காத வீடு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

யுத்தம் முடிந்த கையோடு வவுனியா முகாமிலிருந்து அக்கா போனில் கதைத்தா. கடைசிக் கிழமையில் என் மகன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்ததாம். இயக்கம் பிடிக்காமல் மூன்று தரம் தப்பியவன். அவ தன் கண்ணால் கண்டா. மூடிவிட்டு வர ஒரு சீலைதான் இருந்ததாம். அவனுக்கு இருபது வயது ஆகியிருந்தது.

என் வீட்டுக்கு அவர் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வாசல் படியைக்கூட மிதித்ததில்லை, என் பெயருக்காக. அன்றைக்கு வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில், செத்தவீட்டுப் பந்தலுக்குள் இருந்த அத்தனை சனத்துக்கும் நடுவால் நடந்து வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கட்டாரிலிருந்து வந்திருந்த என் கணவர் கதவடியில் நின்றார். செஸ்சைப் பற்றிக் கதை கட்டியவளும் அங்கேதான் இருந்தாள், எனக்குத் தேத்தண்ணி பருக்கிக்கொண்டு.

எல்லாரும் எனக்கு அதையேதான் சொல்லியிருந்தார்கள். வேற என்னகா செய்யிற, வேற வழியில்லத்தானே. ஒவ்வொரு தரமும் எனக்குத் தன்னாமுனை வீட்டின் கதவு தெரிந்தது. ஒருத்தராவது என்னைப் பார்த்து, இருந்தது, நீ விட்டாய் என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது. அப்படிச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான்.

“நீங்க சொல்லுங்க” என்றேன். “இவங்கள் எல்லாரும் பொய் சொல்றாங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க. எண்ணுங்க அண்ணன். எத்தின வழி இரிந்தது? எண்ணிச் சொல்லுங்க.”

அவருடைய வலது கை முழங்காலில் கிடந்தது. விரல்கள் நீளத் தொடங்கின, ஒன்று, இரண்டு. மூன்றாவது விரல் பாதியில் நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கையை மெல்ல மடக்கி, மற்றக் கையால் அதைப் பொத்திக்கொண்டார்.

“வேற வழியே இரிக்கல்ல, தங்கச்சி” என்றார். “நானும் பாத்தன். ஒண்டுமே இரிக்கல்ல.”

நானும் நெல் களஞ்சியத்தில் வேலை செய்தவள்தான். அந்தச் சொல்லில் எவ்வளவு கூடுதல் என்று எனக்கு உடனே தெரிந்தது. மணலில் அவருக்கு நான் ஏற்றிக்கொண்டு போன அதே பதின்மூன்று கிலோ. அவர் என்னுடைய மூடையைப் பிரித்துக் கொட்டினார். அவருடையதைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

“ஓம், அண்ணன்” என்றேன்.